எடுத்தது எதை? கொடுப்பது எதை?

"கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது, இனி என்ன இருக்கிறது?" என்று சலித்துக்கொள்ளும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டிலேயே பெரியம்மாவோ அத்தையோ சொல்லக் கேட்டிருக்கலாம். "கருப்பையோடு சூலகங்களையும் எடுத்தார்களா?" என்று அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பதில் தெரியாது. "எல்லாவற்றையும்தான் எடுத்திருப்பார்கள்" என்பார் ஒருவர். "ஏன், அது வேறா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார் இன்னொருவர்.

அது வேறுதான். அவர்களுக்கு இது தெரியவில்லையே என்று நாம் வியப்படைய வேண்டியதில்லை. இந்த இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்க மருத்துவ உலகத்துக்கே நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கருப்பை அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் ஹார்மோன் சிகிச்சையின் வரலாறு, இந்த வேறுபாட்டைக் கற்றுக்கொண்ட வரலாறே ஆகும். அதை இங்கே காண்போம்.

அஞ்சலகமும் ஒரு வீடும்

முதலில் உறுப்புகளை அறிமுகம் செய்துகொள்வோம். கருப்பை என்பது குழந்தை வளரும் தசைப்பை. வழக்கில் கர்ப்பப்பை என்கிறோம். அதன் உட்புறத்தில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மாதமும் அது தடித்து, கரு தங்காவிட்டால் உதிர்ந்து வெளியேறுகிறது. இதுவே மாதவிலக்கு.

கருப்பையின் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் இரண்டு சூலகங்கள் இருக்கின்றன. சினைப்பை என்று சொல்வதும் இவற்றைத்தான். சினைமுட்டையை முதிரச் செய்வது இவற்றின் ஒரு வேலை. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன்களைச் சுரந்து நேரே குருதியில் கலப்பது மற்றொரு வேலை.

ஹார்மோனை ஒரு கடிதம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சூலகம் அதை அனுப்பும் அஞ்சலகம். கருப்பை அக்கடிதத்தைப் பெறும் வீடுகளுள் ஒன்று, ஒன்று மட்டுமே! எலும்பு, மூளை, இரத்தக் குழாய், தோல் ஆகியவையும் ஈஸ்ட்ரோஜன் கடிதங்களைப் பெறும் வீடுகளே.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். கருப்பையை மட்டும் அகற்றினால் ஒரு வீடுதான் போயிற்று, அஞ்சலகம் இயங்குகிறது. மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் நிற்காது. சூலகங்கள் இரண்டையும் அகற்றிவிட்டாலோ அஞ்சலகமே மூடப்பட்டுவிடுகிறது. இயற்கையில் ஐம்பது வயதை ஒட்டிப் பல ஆண்டுகளில் மெல்ல மெல்ல நடக்கும் மாற்றம், ஒரே நாளில் நடந்துவிடுகிறது. உடலெங்கும் திடீரென அனல் பரவுவது போன்ற உணர்வும், வியர்வையும், தூக்கமின்மையும் சில நாட்களிலேயே தொடங்கிவிடும். எலும்பின் வலு குறைவது வெளியே தெரியாமல் நடக்கும்.

தவறிப் பிறந்த அறுவை

வயிற்றைத் திறந்து செய்யும் பெண்ணுறுப்பு அறுவை சூலகத்திலிருந்துதான் தொடங்கியது. 1809ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற சிற்றூரில், எப்ரயீம் மெக்டவல் என்ற மருத்துவர் ஜேன் டாட் கிராஃபோர்டு என்னும் பெண்ணின் சூலகக் கட்டியை அகற்றினார். கட்டியின் எடை 20 ராத்தலுக்கும் மேல். மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. அந்த அம்மையார் அறுவையைத் தாங்கி, மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

கருப்பை அகற்றும் அறுவையோ ஒரு தவறிலிருந்து பிறந்தது. 1843இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் சார்லஸ் கிளே என்பவர் சூலகக் கட்டி என்று நம்பி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். உள்ளே இருந்தது கருப்பைக் கட்டி. அதை அகற்றினார், நோயாளி பிழைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்து 1853இல், அமெரிக்காவின் லோவெல் நகரில் வால்டர் பர்னம் என்பவரும் அதே தவறைச் செய்தார். இம்முறை நோயாளி பிழைத்துக்கொண்டார். வயிற்றைத் திறந்து கருப்பையை அகற்றிய பின் உயிர் பிழைத்த முதல் பெண் இவரே என்று மருத்துவ வரலாறு குறிப்பிடுகிறது. சூலகம் எது, கருப்பை எது என்ற குழப்பம் இந்த அறுவையோடு கூடப் பிறந்தது என்றே சொல்லலாம்.

1872இல் இதைவிடப் பெரிய விபரீதம் தொடங்கியது. ஜார்ஜியா மாநிலத்தின் ராபர்ட் பேட்டி, மாதவிலக்குக் காலத் துன்பத்தைப் போக்க நோயற்ற சூலகங்களை அகற்றினார். அந்த முறை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேகமாகப் பரவியது. வலிக்கு மட்டுமா? வலிப்பு நோய், மனநோய் என்று எதற்கெல்லாமோ சூலகங்கள் அகற்றப்பட்டன. ஆயிரக்கணக்கான பெண்கள் இதற்கு ஆளாயினர். அறுவையில் இறந்தவர்களும் பலர்.

ஆனால் அந்தப் பெண்களின் உடல்கள் ஒரு செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தன. சூலகம் போனதும் மாதவிலக்கு நின்றது. அனலும் வியர்வையும் வந்தன. கருப்பை சுருங்கியது. சூலகத்துக்கும் கருப்பைக்கும் இடையே ஏதோ ஒரு தொடர்பு இருப்பது தெரிந்தது. அது என்ன தொடர்பு? நரம்பின் வழியே செல்லும் தூண்டுதல்தான் என்று அக்கால அறிஞர்கள் எண்ணினர்.

முயல் அளித்த விடை

விடை 1896இல் வியன்னாவில் கிடைத்தது. எமில் க்னாவர் என்ற இளம் மருத்துவர் முயல்களின் சூலகங்களை எடுத்து, அதே முயல்களின் உடலில் வேறோர் இடத்தில் ஒட்டவைத்தார். பழைய நரம்புத் தொடர்பு முற்றிலும் அறுந்துவிட்டது. ஆயினும் கருப்பை சுருங்கவில்லை! 1900இல் அதே நகரில் ஜோசப் ஹால்பன், கினிப் பன்றிக் குட்டிகளின் சூலகங்களை எடுத்துத் தோலுக்கடியில் வைத்துத் தைத்தார். குட்டிகளின் கருப்பை வழக்கம்போல வளர்ந்தது. அப்படியென்றால் சூலகம் நரம்பின் வழியே பேசவில்லை. ஏதோ ஒரு பொருளைக் குருதியில் கலந்து அனுப்புகிறது. இத்தகைய பொருள்களுக்கு 1905இல் இங்கிலாந்தின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற பெயரைப் பயன்படுத்தினார். 'தூண்டி இயக்குவது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் இது. இயக்குநீர் என்ற நம் தமிழ்ச் சொல் அந்தப் பொருளை அப்படியே தாங்கி நிற்கிறது அல்லவா?

அந்தப் பொருளைக் கையில் பிடிப்பது எப்படி? 1923இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலன் என்ற உடற்கூற்று அறிஞரும், எட்வர்டு டாய்சி என்ற உயிர்வேதியியல் அறிஞரும் கூட்டுச் சேர்ந்தனர். இறைச்சிக் கூடத்திலிருந்து பன்றிச் சூலகங்களை வாங்கிவந்து, அவற்றின் நீரைப் பிரித்தெடுத்து, சூலகம் நீக்கப்பட்ட எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினர். இனப்பெருக்கக் காலத்து மாற்றங்கள் அந்த எலிகளிடம் மீண்டும் தோன்றின. மருந்தின் வலிமையை அளக்க ஒரு வழி கிடைத்துவிட்டது.

1927இல் பெர்லினில் ஆஷ்ஹைம், சோண்டெக் என்ற இருவர், கருவுற்ற பெண்களின் சிறுநீரில் இந்த ஹார்மோன் மிகுதியாக இருப்பதைக் கண்டனர். சூலகங்களை டன் கணக்கில் அரைத்தாலும் சில மில்லிகிராம்தான் கிடைத்துவந்த நிலையில், இது பெரிய புதையல். 1929இல் டாய்சியும், ஜெர்மனியின் அடால்ஃப் பூட்டனான்டும் ஒருவரையொருவர் சாராமல் சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்ற வகை ஈஸ்ட்ரோஜனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர்.

சினைக் குதிரைகளின் சிறுநீரில் இப்பொருள் இன்னும் அதிகம் என்பதைச் சோண்டெக் பின்னர் காட்டினார். அதிலிருந்து வாயால் விழுங்கக்கூடிய ஒரு மாத்திரை பிறந்தது. 1941இல் கனடாவிலும், 1942இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்த 'பிரிமரின்' அதுதான். சினைக் குதிரையின் சிறுநீர் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. அதே 1941இல் பாஸ்டன் நகரின் ஃபுல்லர் ஆல்பிரைட், மாதவிலக்கு நின்ற பெண்களின் எலும்புகள் வலுவிழப்பதற்கு ஈஸ்ட்ரோஜன் குறைவு காரணம் என்று எடுத்துக்காட்டினார். ஆக, சூலகம் இழந்த பெண்ணுக்கு இழந்ததைத் திருப்பிக் கொடுக்க வழி பிறந்தது.

எல்லாருக்கும் ஒரே மாத்திரையா?

இந்த மாத்திரை சூலகம் இழந்தவர்களுக்கு மட்டுமின்றி, இயற்கையாக மாதவிலக்கு நின்றவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. 1966இல் நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் வில்சன் என்ற மருத்துவர், பெண் என்றும் பெண்ணாகவே இருக்கலாம் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். மாதவிலக்கு நிற்பதே ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரோஜன் அதற்கு மருந்து என்பது அவர் வாதம். நூல் விற்றது, மாத்திரையும் விற்றது. மருந்து நிறுவனங்களின் பணம் அவருக்கு உதவியது பின்னர்தான் வெளியே தெரிந்தது. 1970களின் நடுவில் அமெரிக்க மருத்துவர்கள் மிக அதிகமாக எழுதிக்கொடுத்த மருந்துகளுள் ஒன்றாகப் பிரிமரின் ஆகிவிட்டது.

1975 டிசம்பரில் இடி விழுந்தது. மருத்துவ இதழ் ஒன்றின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று சியாட்டிலிலும் மற்றது லாஸ் ஏஞ்சலிசிலும் நடந்தவை. ஈஸ்ட்ரோஜன் உண்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஒன்றின் கணக்கில் நாலரை மடங்கு. மற்றதன் கணக்கில் ஏழரை மடங்கு!

காரணம் இதுதான். ஈஸ்ட்ரோஜன் "வளர்" என்று உட்படலத்துக்கு ஆணையிடுகிறது. புரோஜெஸ்டிரான் "போதும், நில்" என்கிறது. இயற்கையில் இரண்டும் முறைவைத்து வருகின்றன. மாத்திரையில் முதல் ஆணை மட்டும் இருந்தது. தடுக்கும் ஆணை இல்லை. இதைத் திருத்த, கருப்பை உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்டிரானைப் போன்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தனர். உட்படலப் புற்றுநோய் அபாயம் அதனால் நீங்கியது.

கருப்பை அகற்றப்பட்ட பெண்ணின் நிலை என்ன? உட்படலமே இல்லாதபோது அதில் புற்று ஏது? ஆகவே அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்று முடிவாயிற்று. இங்கேதான் பாதை இரண்டாகப் பிரிகிறது. கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டு மருந்து, இல்லாதவர்களுக்கு ஒரு மருந்து. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கதைக்கு அதுவே திறவுகோல்.

இரண்டு ஆய்வு, இரண்டு தீர்ப்பு

ஹார்மோன் உண்ணும் பெண்களுக்கு மாரடைப்பும் குறைவு என்று பல கணக்கெடுப்புகள் கூறிவந்தன. ஆனால் மாத்திரை உண்பவர்கள் பொதுவாகவே வசதியும் உடல்நலக் கவனமும் மிகுந்தவர்கள் அல்லவா? பயன் மாத்திரையாலா, வசதியாலா? இதைத் தீர்க்க 1990களில் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் ஒரு மாபெரும் ஆய்வைத் தொடங்கின. 50 முதல் 79 வயது வரையுள்ள பெண்கள் அதில் சேர்க்கப்பட்டனர். கருப்பை உள்ள 16,608 பேர் ஒரு பிரிவு. அவர்களுக்கு இரண்டு மருந்தும் கலந்த மாத்திரை. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பேர் மற்றொரு பிரிவு. அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, சீட்டுக் குலுக்கியதுபோல் தேர்ந்தெடுத்து, மருந்தில்லாத வெற்று மாத்திரை தரப்பட்டது. யார் உண்பது எது என்பது யாருக்கும் தெரியாது.

2002 ஜூலையில் முதல் பிரிவின் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. கலப்பு மருந்து உண்ட பத்தாயிரம் பேரில், ஓராண்டில், மார்பகப் புற்றுநோய் கூடுதலாக 8 பேருக்கும், பக்கவாதம் கூடுதலாக 8 பேருக்கும், இதய நோய் கூடுதலாக 7 பேருக்கும் வந்தது. இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்குக் குறைந்தது. பத்தாயிரத்தில் எட்டு என்பது சிறிய எண்தான். ஆனால் "ஹார்மோன் மாத்திரையால் புற்றுநோய்" என்ற செய்தி உலகெங்கும் பறந்தது. பெண்கள் இலட்சக்கணக்கில் மாத்திரையைத் தூக்கி எறிந்தனர்.

அப்படி எறிந்தவர்களில் கருப்பை அகற்றப்பட்டவர்களும் இருந்தனர். அவர்கள் உண்டதோ வேறு மருந்து. அவர்களைப் பற்றிய ஆய்வு அப்போது முடியவே இல்லை!

அந்த இரண்டாம் ஆய்வு 2004இல் நிறுத்தப்பட்டது. அதன் தீர்ப்பு வேறு. ஈஸ்ட்ரோஜன் மட்டும் உண்டவர்களுக்குப் பத்தாயிரத்துக்கு 12 பக்கவாதம் கூடியது. ஆய்வை நிறுத்தியதற்கு அதுவே காரணம். ஆனால் இதய நோய் கூடவில்லை. இடுப்பெலும்பு முறிவு 6 குறைந்தது. மார்பகப் புற்றுநோய் கூடாதது மட்டுமல்ல, குறையும் போக்கே தெரிந்தது. இதே பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியிட்ட முடிவு அதை உறுதி செய்தது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் உண்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. கலப்பு மருந்து உண்டவர்களிடையே கூடியிருந்தது.

முதல் செய்தி பறந்த வேகத்தில் இரண்டாம் செய்தி பறக்கவில்லை. 2013இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கிட்டனர். கருப்பை அகற்றப்பட்ட, ஐம்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குட்பட்ட அமெரிக்கப் பெண்கள், 2002க்குப் பின் பத்தாண்டுகள் ஈஸ்ட்ரோஜனைத் தவிர்த்ததால் நேர்ந்த அகால மரணங்கள் குறைந்தது 18,600 இருக்கும் என்றனர். இது மதிப்பீடுதான், இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆயினும் ஒரு பெண்ணுக்குச் சொன்ன தீர்ப்பை மற்றொரு பெண்ணுக்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை அது எண்ணிப் பார்க்க வைக்கிறது.

இளவயதில் இழந்தவர்கள்

இன்னும் ஒரு பிரிவினர் இருக்கின்றனர். மேற்சொன்ன ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். சராசரி வயது 63. முப்பத்தைந்து வயதில் சூலகங்கள் இரண்டையும் இழந்த பெண்ணுக்கு இந்த முடிவுகள் எப்படிப் பொருந்தும்? அவருக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் வயதை மீறிச் சேர்ப்பதன்று. அந்த வயதில் உடலில் இருந்திருக்க வேண்டியதைத் திருப்பித் தருவது.

அமெரிக்காவின் மேயோ மருத்துவ மையத்தைச் சேர்ந்த வால்டர் ரோக்காவும் அவர் குழுவினரும் 2006 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. 45 வயதுக்கு முன் இரு சூலகங்களும் அகற்றப்பட்டு, ஈஸ்ட்ரோஜன் பெறாத பெண்களிடையே இறப்பு விகிதம் கூடியிருந்தது. ஆகவே, மார்பகப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லாவிட்டால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கும் வயதான ஏறத்தாழ ஐம்பது வரையாவது ஹார்மோன் கொடுப்பது நல்லது என்று இன்று மருத்துவச் சங்கங்கள் பரிந்துரைக்கின்றன. நோயற்ற சூலகங்களைக் கருப்பையோடு சேர்த்து வழக்கமாக அகற்றும் முறையும் கேள்விக்குள்ளாகிவிட்டது.

சூலகங்கள் எஞ்சியிருப்பவர்களுக்குப் பொதுவாக உடனே மருந்து தேவைப்படாது. ஆனால் சிலருக்கு அவை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடும். மாதவிலக்கு என்ற அடையாளம் இல்லாததால் அது தெரியாமலே போகலாம். கருப்பை போனவர்களிலும் சிலருக்கு இரண்டாம் மருந்து வேண்டியிருக்கும். உட்படலத் திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் உடையவர்களும், கருப்பைக் கழுத்தை விட்டுவைத்து அறுவை செய்யப்பட்டவர்களில் சிலரும் இத்தகையோர். தோலில் ஒட்டும் பட்டையாகவும், தடவும் களிம்பாகவும் இப்போது ஈஸ்ட்ரோஜன் கிடைக்கிறது. இவற்றால் இரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு.

2025 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், 2002 ஆய்வின் விளைவாக ஹார்மோன் மருந்துகளின் மேல் அச்சிடப்பட்டுவந்த கடும் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவற்றை நீக்குவதாக அறிவித்தது. ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவைத்தது. கருப்பை உள்ளவர் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியே உண்ணக் கூடாது என்பதே அது. 1975இல் கற்ற பாடம் இன்றும் நிற்கிறது.

ஒரு தாளைப் பத்திரப்படுத்துங்கள்

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு மூவர் கருப்பை அகற்றப்பட்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விகிதம் இதைவிட மிக அதிகம். இவர்களில் பெரும்பாலோருக்கு நாற்பது வயது ஆகும் முன்பே அறுவை நடந்துவிடுகிறது. தேவையற்ற கருப்பை அறுவைகளைத் தடுக்கும் வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. அறுவைக்கு உள்ளான பெண்ணுக்கு எவை எடுக்கப்பட்டன, எவை விட்டுவைக்கப்பட்டன என்று தெரியாவிட்டால், பிறகு அவரைப் பார்க்கும் மருத்துவரும் இருட்டில் தடவ வேண்டியதுதான்.

ஆகவே மாணவர்களே, வாசகர்களே, நீங்கள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியம் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்கேனும் இந்த அறுவை நடந்திருந்தால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுத்த அறிக்கையைத் தேடி எடுங்கள். கருப்பை மட்டுமா, கழுத்தும் சேர்த்தா, சூலகம் ஒன்றா இரண்டா என்று படித்துச் சொல்லுங்கள். இனி நடக்கவிருந்தால் அதை முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். ஹார்மோன் வேண்டுமா, வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஆனால் அவர் முதலில் கேட்கும் கேள்வி, அஞ்சலகம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதுதான். அதற்கு விடை அந்தத் தாளில் இருக்கிறது.